நெல்வயல் மீன்குளமாவது ஏன்?

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்னர்ப் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, ஓய்வுபெறும் வயதை எட்டிய பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஆந்திரா பக்கம் நெல் போட்டவர்கள் எல்லாம் வயலை வெட்டிக் குளமாக்கி மீன் வளர்க்கிறார்களாம். எனக்குச் சேமநிதிப் பணம் வரப்போகிறது. பக்கத்தில் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டை கிடக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் விடலாம் என்று மகன் சொல்லுகிறான். இறங்கலாமா?" என்பதே அக்கேள்வி.

ஆயுள் முழுவதும் விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது. அதனைப் பற்றிய கேள்விக்கு வாய்க்கு வந்த விடையைக் கூறிவிட்டு வருவது முறையன்று. ஆதலால், "விசாரித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் அவரிடம் கூறி வந்தோம். நெல்லை விட்டவர் ஏன் விட்டார் என்பதை அறியாமல், மீனில் இறங்கலாமா என்பதற்கு விடை கூற இயலாது. அக்காரணங்களைத் தேடி அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

கோதாவரிக் கழிமுகம்

இந்தியாவின் கிழக்குக் கரையில் கோதாவரி, கிருஷ்ணா ஆகிய இரு பேராறுகளும் வங்கக் கடலில் கலக்கின்றன. அவற்றின் கழிமுகங்கள் ஆந்திர மாநிலத்தின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றவை. நம் நாட்டுத் தோட்டங்களில் வாழும் தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் இப்பகுதியும் இதனை அடுத்த மாவட்டங்களுமே ஆகும். 1852ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் தவளேஸ்வரத்தில் கோதாவரியின் குறுக்கே அணை கட்டி முடித்தார். 1855இல் விஜயவாடாவில் கிருஷ்ணாவின் குறுக்கே மற்றோர் அணை எழுந்தது. கால்வாய்கள் வெட்டப்பெற்றன. பஞ்சத்தில் வாடிய பூமி நெல் விளையும் பூமியாயிற்று.

இவ்விரு கழிமுகங்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் கொல்லேறு என்னும் ஏரி இருக்கின்றது. இந்தியாவின் பெரிய நன்னீர் ஏரிகளுள் அதுவும் ஒன்று. மழைக்காலத்தில் புடமேறு, தம்மிலேறு முதலிய ஓடைகள் நீரைக் கொண்டுவந்து அதில் சேர்க்கும். உப்புட்டேறு என்னும் கால்வாய் வழியே அந்நீர் கடலுக்குச் செல்லும்.

1970களின் பிற்பகுதியில் மாநில அரசு ஏரிப் பகுதியில் மீன்குளங்களை அமைத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கியது. அக்குளங்களில் மீன் செழித்ததைச் சுற்றுவட்டார உழவர்கள் கண்டனர். 1980களில் அவர்களும் தங்கள் நெல்வயல்களை வெட்டி, நாற்புறமும் கரை எழுப்பி, நீர் நிரப்பத் தொடங்கினர். கைக்கலூரு, ஆகிவீடு, பீமவரம் ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் குளங்களே தெரிகின்றன. தெலுங்கில் அவற்றைச் 'சேப்பல செருவு' என்பர்; மீன்குளம் என்பது பொருள். இந்தியாவில் மிகுதியாக மீன் விளைவிக்கும் மாநிலம் இன்று ஆந்திரமே.

ஏன் மாறினர்?

நெல்லை விட்டு மீனுக்குச் சென்றவரைப் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உண்டு. உழவருடைய வரவு செலவைக் கண்டவர் அவ்வாறு கூறமாட்டார். தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழிலை எவரும் விளையாட்டாகக் கைவிடுவதில்லை. பால்மரம் வெட்டிப் பழகிய கை வேறு கருவியைத் தொடத் தயங்குவதை நீங்கள் அறிவீர்கள். அத்தயக்கத்தையும் மீறி அவர்களை மாறச் செய்த காரணங்கள் ஆறு என்று கொள்ளலாம்.

முதலாவது, வெள்ளம். கழிமுகத்தின் முதற்போக நெல் ஜூன், ஜூலை மாதங்களில் பயிராகி நவம்பர், டிசம்பரில் அறுவடையாகும். வங்கக் கடலின் கடும்புயல்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே அக்கரையைத் தாக்கும். கதிர் முற்றி அரிவாள் வைக்கும் நேரத்தில் வயல் நீரில் மூழ்கிவிடும். 1977 நவம்பரில் கிருஷ்ணா கழிமுகத்தைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். 1986 ஆகஸ்டில் கோதாவரி பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்தது. இத்தகைய பேரிடர் இல்லாத ஆண்டுகளிலும், வடிகால்கள் தூர்ந்து போனமையால் தாழ்ந்த வயல்களில் மழைநீர் வடியாமல் நின்று பயிரை அழுகச் செய்தது. ஆண்டுதோறும் நீரில் மூழ்கும் வயலை உடையவர், நீரிலேயே வாழும் ஒன்றை அங்கு வளர்த்தால் என்ன என்று எண்ணியது இயல்பே.

இரண்டாவது, விலை. அரிசி எல்லார்க்கும் வேண்டிய உணவு. அதன் விலை ஏறினால் ஏழை பட்டினி கிடக்க நேரும். ஆகவே, எந்த அரசும் அதனை அளவுக்கு மீறி ஏற விடுவதில்லை. அது நியாயமே. ஆயின், உரம், பூச்சிமருந்து, டீசல், கூலி ஆகியவற்றை அவ்வாறு பிடித்து நிறுத்துவார் இல்லை. இடையில் நசுங்குபவர் உழவரே. அரசு ஆதரவு விலை அறிவித்தாலும், மழையில் நனைந்த நெல்லைச் சேமித்து வைக்க இடமில்லாத சிறு உழவர், வணிகர் சொன்ன விலைக்கே விற்றாக வேண்டும். குத்தகைக்கு உழுபவர் நிலை இன்னும் கடினம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலக்காரர்க்கு அளக்கவேண்டியதை அளந்தாக வேண்டும்.

இக்குமுறல் 2011ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. கோதாவரிக் கழிமுகத்தின் கோனசீமா பகுதி உழவர்கள், "இந்தப் போகம் நாங்கள் நெல் நடமாட்டோம்" என்று அறிவித்துப் பல்லாயிரம் ஏக்கர் வயலைத் தரிசாக விட்டனர். அதனைப் 'பயிர் விடுமுறை' என்று அழைத்தனர். நீரும் நிலமும் இருந்தும், நடுவதைக் காட்டிலும் நடாமல் இருப்பதே நட்டம் குறைவு என்று உழவர் கணக்கிட்டனர் என்றால், அத்தொழில் எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, ஆள். நடவும் அறுவடையும் நாள் தவறாமல் செய்யவேண்டியவை. ஊரில் உள்ள எல்லா வயலுக்கும் ஒரே காலத்தில் ஆள் தேவைப்படும். இளைஞர்களோ ஹைதராபாத்துக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிச் சென்றனர். கோதாவரி மாவட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவரும் பலர். மீன்குளத்துக்கு நாள்தோறும் ஓரிரு ஆட்கள் போதும். வலையிழுக்கும் நாளில் மட்டும் ஒரு குழு வந்து மீனைப் பிடித்துக் கொடுத்துச் செல்லும். உடையவர்க்கு வசதியான இக்காரணமே மற்றவர்க்குத் துன்பமாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நான்காவது, மீன்குஞ்சு. விதையில்லாமல் பயிரில்லை, குஞ்சில்லாமல் குளமில்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இன மீன்கள் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடா. ஆகையால், முற்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வரும்போது குஞ்சுகளை அரித்தெடுத்து விற்பர். அவற்றுள் வேண்டாத மீன்களும் கலந்திருக்கும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் மூளையடியில் உள்ள சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்தி, கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அந்நாளையே இந்தியாவில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகின்றனர். அதன் பின்னரே வேண்டிய இனத்தை, வேண்டிய காலத்தில், வேண்டிய அளவில் பெறுவது இயலுவதாயிற்று.

இதே போன்ற வெற்றி நம் நாட்டிலும் நிகழ்ந்ததை நீங்கள் அறிந்து மகிழலாம். நாம் 'உடாங் காலா' என்று அழைக்கும் பெரிய ஆற்று இறால், நன்னீரில் வாழ்வது. ஆயின், அதன் குஞ்சுகள் நன்னீரில் பிழைப்பதில்லை. அவற்றுக்குச் சிறிதளவு உப்புக் கலந்த நீர் வேண்டும் என்னும் உண்மையை 1961ஆம் ஆண்டில் பினாங்கு குளுகோரில் பணியாற்றிய லிங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். உலகின் பல நாடுகளில் அவ்விறாலை வளர்க்க இயன்றது அதன் பயனே. ஆந்திர உழவரும் 1990களின் பிற்பகுதியில் அதனை வளர்த்தனர்.

ஐந்தாவது, சந்தை. ஆந்திரத்தில் வளரும் கெண்டை மீனில் பெரும்பகுதி அங்கே உண்ணப்படுவதில்லை. பனிக்கட்டியிட்டு, பெட்டிகளில் அடைத்து, லாரிகளில் ஏற்றிக் கல்கத்தாவை அடுத்த ஹௌராவுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் அனுப்பப்படுகின்றது. வங்காளியர் ரோகு, கட்லா மீன்களை விரும்பி உண்பர் என்பது யாவரும் அறிந்ததே. பனிக்கட்டி ஆலையும் நல்ல சாலையும் ஏற்பட்டிராவிடில், ஏரிக்கரையில் பிடித்த மீன் ஏரிக்கரையிலேயே நாறிப் போயிருக்கும். மேலும், மீனுக்கு உணவாகும் தவிடு அண்டையிலேயே கிடைத்தது. எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் நெல் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் துளையிட்ட பைகளில் கட்டி, குளத்தில் நட்ட கழிகளில் தொங்கவிடுவர். மீன்கள் வந்து துளை வழியே கொத்தித் தின்னும். நெல்லை விட்டவர் நெல்லின் தவிட்டைக் கொண்டே மீன் வளர்த்தனர்.

ஆறாவது காரணம் அண்டை வயல். ஒருவர் தம் வயலைக் குளமாக்கி ஆண்டு முழுவதும் நீரைத் தேக்கி வைத்தால், அந்நீர் கரைவழிக் கசிந்து பக்கத்து வயலில் ஊறும். அங்கு ஏர் இறக்க முடியாது; அறுவடைக் காலத்திலும் ஈரம் காயாது. நாற்புறமும் குளம் சூழ்ந்த ஒற்றை வயலுக்கு வாய்க்கால் நீர் வந்து சேரவும் வழியிருக்காது. நெல்லையே நம்பியிருக்க விரும்பியவரும், வேறு வழியின்றித் தம் வயலையும் குளத்தோடு சேர்த்துவிட்டார். ஆகவே, மாறியவர் எல்லாரும் விரும்பி மாறியவர் என்று கருதுவது தவறாகும்.

குளத்துக்கும் கணக்குண்டு

மீன் வளர்த்தால் பணம் கொட்டும் என்று கூறுவோர் வரவை மட்டுமே கூறுவர். நாம் செலவையும் பார்ப்போம்.

கொல்லேறு வட்டாரத்தில் நல்ல குளமொன்றிலிருந்து ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு 8 டன் வரையிலும் மீன் எடுப்பவர் உண்டு. நெல்லாயின், நன்கு விளைந்த வயலில் ஒரு போகத்துக்கு 5 டன் அளவில் கிடைக்கும். ஒரு கிலோ நெல்லைக் காட்டிலும் ஒரு கிலோ மீன் பன்மடங்கு விலை போகும். இஃது உண்மையே. ஆயின், மீனுக்குத் தீனி வாங்கவேண்டும். செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடும். கையில் ரொக்கம் இல்லாதவர் தீனி வணிகரிடம் கடனாக வாங்குவர். அவ்வாறு வாங்கியவர் தம் மீனைத் தாம் விரும்பியவர்க்கு விற்க இயலாது. கடன் கொடுத்தவர் குறித்த நாளில், குறித்த விலைக்குக் கொடுக்க நேரும். வயலில் நெல் வணிகரிடம் பட்ட துன்பம், குளத்தில் வேறு பெயரில் வந்து சேரும்.

அடுத்து, விடியற்காலையின் ஆபத்து. பகலில் குளத்து நீரிலுள்ள நுண்பாசி வெயிலைப் பெற்று உயிர்வளியை வெளியிடும். இரவில் அப்பாசியும் மீனும் சேர்ந்து அவ்வளியை உட்கொள்ளும். ஆதலால், விடியுமுன் நீரில் உயிர்வளி மிகக் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். மேகமூட்டம் நிறைந்த நாட்களுக்குப் பின் இந்நிலை கடுமையாகும். அந்நேரத்தில் குளக்கரையில் ஆள் நின்று, எந்திரத்தால் நீரைக் கலக்கியோ புதுநீர் பாய்ச்சியோ காப்பாற்றாவிடில், ஓராண்டு வளர்த்த மீன் ஒரே விடியலில் செத்து மிதக்கும். நீங்கள் பால்மரம் வெட்டக் கிளம்பும் அதே இருள் நேரத்தில் மீன் வளர்ப்பவர் குளக்கரையில் நிற்கவேண்டும். மழை பெய்தால் உங்களுக்கு வேலை நிற்கும். அவருக்கோ அன்றுதான் வேலை மிகும்.

நோயும் உண்டு. ஆந்திரக் கடலோரத்தில் 1990களின் முற்பகுதியில் வரி இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. 1994ஆம் ஆண்டையொட்டி வெண்புள்ளி நோய் தாக்கிப் பலர் கடனாளியாயினர். நாம் முன்னர்க் கூறிய உடாங் காலா வளர்ப்பும் அங்கு ஒரு பத்தாண்டு உச்சத்தில் இருந்து பின்னர்ச் சரிந்தது. 2009இல் வெள்ளைக்கால் இறாலுக்கு அரசு இசைவளித்த பின் பலர் அதற்கு மாறினர். முதலில் இறங்கியவர் ஈட்டினார். கேள்விப்பட்டுக் கடைசியில் இறங்கியவரே பெரும்பாலும் இழந்தார்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நெல் பொய்த்தால் அடுத்த போகத்தில் வேறு பயிர் இடலாம். குளம் வெட்டியபின் வயலின் மேல்மண் கரையாகிவிடுகின்றது. அதனை மீண்டும் வயலாக்கப் பெருஞ்செலவாகும். ஓரிரு ஏக்கர் உடையவரால் தனியே குளம் வெட்டவும் இயலாது. சிறு குளமாயின் கரைக்கே நிலத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே, பல சிறு உழவர்களின் வயல்களை ஒன்றாகச் சேர்த்து, பணம் படைத்தவர் ஒருவர் குத்தகைக்கு எடுப்பது வழக்கம். நெல்லுக்குக் கிடைக்கும் குத்தகையைவிட அது மிகுதி, முன்பணமாகவும் கிடைக்கும். மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் அது உதவும். ஆயின், 'சிறு உழவர் மீன் வளர்ப்புக்கு மாறினார்' என்று நாம் கேள்விப்படும் செய்திக்குப் பல இடங்களில் உண்மைப் பொருள், அவர் உழவுத் தொழிலையே விட்டுவிட்டார் என்பதுதான்.

ஏரியினுள் பரவிய குளங்களுக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். கொல்லேறு ஏரி 1999இல் பறவைகளுக்கும் விலங்குகளுக்குமான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நீர் வடியும் வழியைக் குளங்கள் அடைத்துவிட்டமையால் சுற்றியுள்ள ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. 2006ஆம் ஆண்டில் அரசு காப்பிட எல்லைக்குள் இருந்த குளங்களின் கரைகளை உடைத்தது. எல்லை எது, உரிமை யாருடையது என்று முன்னரே விசாரியாமல் பணம் போட்டவர்கள், தங்கள் கரை உடைவதைப் பார்த்து நின்றனர்.

கூலிக்கு நட்டவர் எங்கே போவார்?

இதுவரை நிலம் உடையவரைப் பற்றியே பேசினோம். நிலமில்லாதவர் நிலை என்ன?

நெல்வயல் ஒன்றில் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, அடிக்க எனப் பல கைகள் வேண்டும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வயல் குளமானவுடன் அவ்வேலைகள் அத்தனையும் ஒரே நாளில் மறைகின்றன. குளத்துக் காவலும் வலையிழுப்பும் ஆண்களுக்கே கிடைக்கின்றன. நிலக்காரர்க்குக் குத்தகைப் பணமாவது வரும். நாற்று நட்ட அம்மையார்க்கு எவரும் குத்தகை கொடுப்பதில்லை. அத்துடன், குளத்துக் கழிவுநீர் கலந்து ஊர்க் குடிநீரும் கெடுகின்றது. நீரால் சூழப்பட்ட ஊரில் குடிப்பதற்கு நீரை விலைக்கு வாங்கும் நிலை ஏற்படுகின்றது.

இதே துயரம் நமக்கு நெருங்கிய மண்ணிலும் நிகழ்ந்தது. நாகப்பட்டினம் நம் முன்னோர்களில் பல்லாயிரவர் மலாயாவுக்குக் கப்பலேறிய துறைமுகம். 'ரஜூலா' கப்பலின் பெயர் முதியோர் பலர்க்கு நினைவிருக்கும். காவிரியின் கடைமடையான அப்பகுதியில் 1990களின் தொடக்கத்தில் நிறுவனங்கள் நெல் நிலங்களை வாங்கி இறால் பண்ணைகளாக்கின. உப்புநீர் ஊறி அண்டை வயல்களும் கிணறுகளும் கெட்டன. கூலி வேலை குறைந்தது. நிலமற்ற உழவர்க்காக உழைத்த சர்வோதயத் தொண்டர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி அறவழியில் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. விளைநிலங்களை இறால் பண்ணையாக மாற்றலாகாது என்றும், கேடு விளைவித்தவரே இழப்பீடு வழங்கவேண்டும் என்றும் அது கூறியது. அத்தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் கடலோரப் பண்ணைகளை முறைப்படுத்தத் தனிச்சட்டம் பிறந்தது. எனினும், நிலத்தின் பயன் மாறும்போது நிலமில்லாதவர்க்கும் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவ்வழக்கு நிலைநாட்டியது.

தோட்டப் பாட்டாளிகளே, இப்பகுதி உங்களுக்கு அயலானதன்று. 1990ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டில் எண்ணெய்ப் பனையின் பரப்பு ரப்பரை முந்தியது. ரப்பர்க் காட்டுக்கு வேண்டிய அத்தனை கைகள் பனைக்கு வேண்டியதில்லை. பால்மரம் சாய்ந்தபோது தோட்டக்காரர் கணக்கில் ஆதாயம் தெரிந்தது; அதே நாளில் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்த குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். வயல் குளமான கதையும் காடு பனையான கதையும் ஒரே கதைதான்.

இரண்டும் சேர்ந்த வழி

நெல்லா, மீனா என்று ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கேரளக் கடலோரத்தில் 'பொக்காளி' என்னும் முறை உண்டு. மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல்லைப் பயிரிடுவர். அறுவடைக்குப் பின் அதே வயலில் கடல்நீரை விட்டு இறால் வளர்ப்பர். நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாகும்.

நம் பேராக் மாநிலத்துக் கிரியான் வட்டாரத்திலும் இத்தகைய முறை இருந்தது. 1906இல் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறிய பகுதி அது. பாகான் செராயில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ்க் குடும்பங்கள் குடியேறி உழவு செய்தன. ஆண்டுக்கு ஒரு போகம் நெல் விளைந்த காலத்தில், வயலில் பல மாதங்கள் நீர் நிற்கும். வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி வைப்பர். நெற்பயிருக்கிடையே வளர்ந்த 'செப்பாட் சியாம்' மீன்கள், நீர் வடியும்போது அக்குழியில் வந்து சேரும். நெல் வீட்டுக்கு, மீன் கருவாடாகிச் சந்தைக்கு. அக்கருவாட்டைத் தோட்டத்துக் கடைகளில் வாங்கி உண்டவர்கள் நம்மில் பலர். 1970களில் இருபோகச் சாகுபடி வந்தபின் வயலில் நீர் நிற்கும் காலம் சுருங்கியது; பூச்சிமருந்தும் மிகுந்தது; வயல் மீன் குறைந்தது. நெல் மிகுந்தது உண்மை. ஆயினும், உழவரின் இரண்டாவது வரவு போயிற்று.

இறங்குமுன் கேட்கவேண்டியவை

இனி, அப்பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மீன் வளர்ப்பு நல்ல தொழிலே. நாட்டுக்கு வேண்டிய உணவையும் அது தருகின்றது. ஆயினும், ஆழமறியாமல் காலை விடலாகாது என்று நம் முன்னோர் கூறியது குளத்துக்கு நேராகவே பொருந்தும். இறங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணவேண்டும்.

ஒன்று: நீரும் நிலமும் யாருடையவை? பழைய சுரங்கக் குட்டையாயின், நில அலுவலகத்தில் உரிமையை விசாரித்து எழுத்து வடிவில் இசைவு பெறவேண்டும். அந்நீரில் தீய உலோகக் கலப்பு உண்டா என மீன்வளத் துறையினரைக் கொண்டு சோதித்தறிய வேண்டும். குட்டை மிக ஆழமாயின் வலை இழுக்க இயலாது. கூண்டு வைத்தே வளர்க்க நேரும்.

இரண்டு: விடியுமுன் குளக்கரையில் நிற்பவர் யார்? பெயரைச் சொல்லுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது விடையாகாது.

மூன்று: முதல் வரவு வரும்வரை தீனிக்குப் பணம் எங்கிருந்து வரும்? வளர்ந்த மீனை வாங்குபவர் யார்? முதல் முறை முழுவதும் செத்துப்போனாலும் குடும்பம் தாங்குமா? தாங்காது என்றால் அத்தொகையைப் போடாதீர்கள்.

நான்கு: நம் மாற்றத்தால் பிறர்க்கு என்ன ஆகும்? நம் கழிவுநீர் யார் வீட்டுக் கிணற்றுக்குச் செல்லும்? யாருடைய வேலை போகும்? இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளப் பழகினால்தான், நாளை நம் தோட்டம் கைமாறும்போது அதனை மற்றவரிடம் கேட்க நமக்கு வாய் வரும். அத்தகைய நாளில் தனித்தனியே கேளாமல், தொழிற்சங்கத்தின் வழி, காடு சாயுமுன்னரே கேளுங்கள். சாய்ந்த பின் கேட்பதில் பயனில்லை.

இந்நான்கு கேள்விகளையும் அப்பெரியவரிடம் சென்று கூறினோம். தந்தையும் மகனும் இரண்டு வாரம் அலைந்து விசாரித்தனர். குட்டைக்கு உரிமைத் தாள் இல்லை என்பது தெரிந்தது. மகனுக்கோ தொழிற்சாலையில் இரவு வேலை. பெரியவர் சேமநிதியைத் தொடவில்லை. வீட்டின் பின்புறம் கித்தான் தொட்டி ஒன்று அமைத்து, 'கெலி' மீன்குஞ்சுகள் சில நூறு வாங்கி விட்டார். முதல் முறை பாதி செத்தன. நீரை எப்போது மாற்றவேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டதாகக் கூறினார். இரண்டாம் முறை பெரும்பாலானவை பிழைத்தன. அண்டை வீட்டாரே வாங்கிக்கொண்டனர். "ஐயா, பாதி செத்த அன்று எனக்கு ஒரு மாதப் பலசரக்குக் காசு போயிற்று. அந்தக் குட்டையில் இறங்கியிருந்தால் என்ன போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று இரவு தூக்கமே வரவில்லை" என்றார்.

அவர் போட்ட அக்கணக்கை ஒவ்வொரு குடும்பமும் இறங்குமுன் போட்டுப் பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.